ரொட்டியை இப்போது நிறுத்த வேண்டாம்

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவில் (தொழிலாளரின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில்) வேலை செய்யும் ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். மகளுக்கு வயது 15, மேலே மூன்று மாதம்; தரம் 10இல் படிக்கிறாள். உயரம் 141 சென்டிமீற்றர், எடை 31 கிலோ. இன்னும் வயதுக்கு வரவில்லை. இரண்டு வருடமாகச் சாப்பிட்டதும் வயிறு ஊதுகிறது, அடிக்கடி வயிற்றால் போகிறது, வாய்ப்புண் ஆறி ஆறித் திரும்ப வருகிறது. பாடசாலைக்குப் போகும் மேட்டில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழும்பித்தான் ஏறுகிறாள். ஹீமோகுளோபின் 8.9 என்று கண்டு ஐந்து மாதம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பூச்சி மருந்தும் இரண்டு தடவை கொடுத்தாயிற்று. ஐந்து மாதம் கழித்துப் பார்த்தபோது 9.2.

குவைத்தில் வீட்டு வேலை செய்யும் இவருடைய தங்கை ஒரு நாள் தொலைபேசியில் ஒரு செய்தி சொல்லியிருக்கிறார். அந்த வீட்டுப் பிள்ளைக்குச் செலியாக் என்ற நோயாம். கோதுமை சேர்ந்த எதையும் கொடுப்பதில்லையாம். "நம் பிள்ளையும் முன்பு அந்தப் பிள்ளை இருந்ததைப் போலவே இருக்கிறாள் அக்கா, ரொட்டியை நிறுத்திப் பாருங்கள்" என்றிருக்கிறார். தாய் மறுநாளே நிறுத்தினார். மூன்றாவது வாரத்தில் வயிறு ஊதுவது குறைந்தது. ஏழாவது வாரத்தில் கடன் வாங்கி, நகரத்துத் தனியார் ஆய்வுகூடமொன்றில் இரத்தப் பரிசோதனை செய்தார். "சாதாரணம்" என்று வந்தது. நோய் இல்லை என்று நம்பி மறுபடி ரொட்டி கொடுக்கத் தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. வயிறு பழையபடி ஊதுகிறது. மாமியார் கண்ணூறு என்கிறார். கணவர், "எங்கள் வீட்டில் எல்லாரும் குள்ளம்தானே" என்கிறார்.

இரத்தப் பரிசோதனையை நம்புவதா, பிள்ளையின் வயிற்றை நம்புவதா? பரிசோதனையே வேண்டாமென்று கோதுமையை ஒரேயடியாக நிறுத்திவிட்டால் என்ன? மரபணுச் சோதனை உதவுமா? நாளைக்குக் கலியாணம், பிள்ளைப்பேறு என்று வரும்போது இது தடையாகுமா? இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தங்கையிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கடல் தாண்டி இன்னொருவர் வீட்டில் உழைத்துக்கொண்டே, அங்கே கண்டதைத் தன் அக்காவின் பிள்ளையோடு பொருத்திப் பார்த்திருக்கிறார். நீங்கள் எழுதிய அறிகுறிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் எனக்கும் அதே சந்தேகம்தான் வருகிறது. வரிசைதான் மாறிப்போயிற்று. கோதுமையை நிறுத்துவது கடைசியாகச் செய்ய வேண்டிய காரியம். அதை நீங்கள் முதலில் செய்துவிட்டீர்கள். பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும்போது எந்தத் தாயும் அதைத்தான் செய்திருப்பாள், அதற்காக மனம் நோக வேண்டாம்.

செலியாக் என்பது ஒவ்வாமை இல்லை. கோதுமை ஒவ்வாமை உள்ளவருக்குச் சாப்பிட்ட சில நிமிடங்களில், அல்லது இரண்டொரு மணி நேரத்துக்குள் உடம்பு தடிக்கும், உதடு வீங்கும், மூச்சுத் திணறும். செலியாக் அப்படி ஆர்ப்பாட்டமாக வருவதில்லை. கோதுமையிலும் பார்லியிலும் ரை தானியத்திலும் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. ரொட்டி மா பிசையும்போது இழுபடுகிறதே, அந்த இழுவையைத் தருவது அதுதான். மரபில் அதற்கான இடம் உள்ள சிலருடைய உடலில், இந்தப் புரதம் சிறுகுடலுக்குள் வந்ததும் நோய் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்கத் தொடங்குகிறது. சிறுகுடலின் உட்சுவரில் சடைமுளைகள் இருப்பதை உங்கள் மகள் விஞ்ஞானப் பாடத்தில் படித்திருப்பாள். உணவின் சத்தை உறிஞ்சுபவை அவைதான். இந்த நோயில் அவை தேய்ந்து தட்டையாகின்றன. பிறகு எவ்வளவு சாப்பிட்டாலும் இரும்பும் கல்சியமும் ஃபோலிக் அமிலமும் உடம்பில் சேராமல் போய்விடும். இரும்பு முக்கியமாக உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதியில். இந்த நோய் அதிகம் தாக்குவதும் அந்தப் பகுதியைத்தான். ஐந்து மாத மாத்திரைக்கு ஹீமோகுளோபின் 0.3 மட்டும் ஏறியது ஏன் என்பதற்கு இது ஒரு விடையாக இருக்கலாம்.

அந்த அறிக்கையை ஏன் நம்ப முடியாது

இந்த இரத்தப் பரிசோதனை நோயை நேரடியாகக் காட்டுவதில்லை. குளூட்டன் உள்ளே வரும்போது உடல் உண்டாக்கும் ஒருவகைப் பிறபொருளெதிரியைத்தான் அளக்கிறது. குளூட்டன் வராத நாட்களில் அதன் அளவு மெல்ல மெல்ல இறங்கும். சிலருக்கு மாதக்கணக்கில் நேரம் எடுக்கும், சிலருக்கு வாரக்கணக்கிலேயே எல்லைக் கோட்டுக்குக் கீழே போய்விடும். ஏழு வாரம் கோதுமை தொடாத பிள்ளையின் இரத்தத்தில் "சாதாரணம்" என்று வந்தால் அதற்கு எந்தப் பொருளும் கொடுக்க முடியாது. நோய் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. இரத்தம் எடுக்கும் முன், "பிள்ளை கோதுமை சாப்பிடுகிறாளா?" என்று யாராவது ஒருவர் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டது உங்கள் பிழையில்லை.

நீங்கள் அனுப்பிய பிரதியில் இன்னொரு குறையும் தெரிகிறது. ஐ.ஜி.ஏ. வகைப் பிறபொருளெதிரியை அளக்கும் டி.டி.ஜி.–ஐ.ஜி.ஏ. என்ற ஒரு சோதனை மட்டுமே செய்திருக்கிறார்கள். மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் அதே இரத்தத்தில் பார்த்திருக்க வேண்டும். செலியாக் உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஐ.ஜி.ஏ. என்ற புரதமே பிறவியிலிருந்து மிகக் குறைவாக இருக்கும். அப்படிப்பட்டவருக்கு முதல் சோதனை எப்போது செய்தாலும் "சாதாரணம்" என்றுதான் காட்டும், ஐ.ஜி.ஜி. என்ற இன்னொரு வகைப் பிறபொருளெதிரியை அளக்கும் சோதனை தேவைப்படும்.

கோதுமையை நிறுத்தியதும் வயிறு சுகமானது, கொடுத்ததும் ஊதியது என்கிறீர்கள். இது கவனிக்க வேண்டிய குறிப்புத்தான். ஆனால் செலியாக் இல்லாத பலருக்கும் கோதுமையை விட்டால் வயிறு இலேசாகும், ஏனென்றால் கோதுமையில் குளூட்டனைத் தவிர, குடலில் புளித்து வாயுவாகும் சர்க்கரைப் பொருட்களும் உண்டு. ஆகவே வயிறு சொல்வதை மட்டும் வைத்து ஒரு பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் நோயின் பெயரை வைத்துவிட முடியாது.

"தோட்டத்துப் பிள்ளை அப்படித்தான்"

உங்கள் கணவர் சொன்னதை நான் கிளினிக்கில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பெற்றோர் சொல்லியும் கேட்டிருக்கிறேன், வைத்தியத் துறையில் இருப்பவர்கள் சொல்லியும் கேட்டிருக்கிறேன். குள்ளமாகவும் வெளிறியும் இருப்பது லயத்துப் பிள்ளையின் பிறவிக் குணம் என்பது போல ஒரு மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடும் வழக்கம் எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி 15 வயதுப் பெண்பிள்ளையின் சராசரி உயரம் சுமார் 162 சென்டிமீற்றர். சுமார் 148க்குக் கீழே போனால் காரணம் தேட வேண்டும். நீங்கள் 152, கணவர் 164 என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உயரங்களை வைத்துப் பார்த்தாலும் 141 விளங்கவில்லை. 15 வயதாகியும் மாதவிடாய் தொடங்கவில்லை என்றால், அதுவே தனியாக வைத்தியரிடம் காட்டப் போதுமான காரணம்.

இது வெள்ளைக்காரர் நோய், சோறு சாப்பிடும் நமக்கு வராது என்று தோட்ட வைத்தியர் சொன்னாராம். பல காலம் வைத்திய உலகமே அப்படித்தான் நினைத்தது. ஆனால் கோதுமை அன்றாட உணவாக இருக்கும் வட இந்தியாவில் தேடிப் பார்த்தபோது, ஏறக்குறைய நூறு பேருக்கு ஒருவரிடம் இந்த நோய் தெரிந்தது. உங்கள் தங்கை இருக்கும் அரபு நாடுகளிலும் இது புதிய பெயர் இல்லை. தென்னிந்தியாவில் குறைவாகவே காணப்படுகிறது, உண்மை. ஆனால் நாம் சோறு மட்டும் சாப்பிடுகிற சனமா? நம் பாட்டன் பாட்டி அரிசி விளையும் ஊர்களிலிருந்து வந்தவர்கள். மலைக்கு வந்த பின் காலையில் தட்டிய ரொட்டியைச் சம்பலோடு கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போகிறோம். காலையும் பகலும் ரொட்டி, அந்தியில் சில நாள் பாண். இலங்கையில் வேறெங்கும் இந்த அளவுக்குக் கோதுமை மா வயிற்றுக்குள் போகிறதா என்பது சந்தேகம். மரபும் இருந்து மாவும் இருந்தால் நோய்க்கு வழி இருக்கிறது.

கணவரின் தங்கை சிறு வயதிலிருந்தே இன்சுலின் ஊசி போடுகிறார் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை ஓரத்தில் விடாதீர்கள். முதலாம் வகை நீரிழிவும் செலியாக்கும் ஒரே மரபுக் கிளையில் சேர்ந்து வரக்கூடியவை. வைத்தியரிடம் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள்.

அதே நேரத்தில் செலியாக் என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டிருக்கவும் கூடாது. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் மரபைத் தாய் தந்தையில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றுச் சுமப்பவர்கள் நம் நாட்டில் உண்டு. அவர்களுக்கு இரும்பு குறையாமலே ஹீமோகுளோபின் குறைந்து காட்டும், மாத்திரையால் ஏறாது. ஃபெரிட்டின் என்ற இரும்புச் சேமிப்பின் அளவைப் பார்த்தால் இரண்டையும் பிரித்தறியும் வழி கிடைக்கும். தைரொயிட் குறைபாடு, குடலின் வேறு அழற்சி நோய்கள், கொக்கிப்புழு, காசநோய் ஆகியவற்றையும் வைத்தியர் நினைத்துப் பார்ப்பார். குள்ளமாகவும் வயதுக்கு வராமலும் இருக்கும் பெண்பிள்ளைக்கு குரோமோசோம் சோதனை கேட்டால் பயப்பட வேண்டாம். டேர்னர் என்ற பிறவி நிலையை விலக்குவதற்காகத்தான் அது; அந்த நிலை உள்ளவர்களிடம் செலியாக்கும் சற்று அதிகம்.

இன்னொன்று. மாத்திரையை எதோடு கொடுத்தீர்கள்? தேநீரோடு, அல்லது தேநீர் குடித்த கையோடு கொடுத்திருந்தால் பாதி வீணாகியிருக்கும். தேயிலையில் உள்ள பொருள் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தேநீருக்கும் மாத்திரைக்கும் இடையில் இரண்டு மணி நேரம் விடுங்கள். மாத்திரையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு கொடுங்கள். எந்த நோயாக இருந்தாலும் இதனால் கெடுதல் இல்லை.

இனி என்ன செய்வது

இப்போது அவள் கோதுமை சாப்பிடத் தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. அப்படியே தொடரட்டும். விஷத்தைக் கொடுப்பது போல உங்கள் கை நடுங்கும், தெரியும். ஆனால் இந்தச் சில வாரங்கள் இல்லாமல் உண்மை வெளியே வராது. இரத்தம் எடுப்பதற்கு முன் குறைந்தது ஆறு வாரம், முடிந்தால் எட்டு வாரம் அவள் தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை சாப்பிட்டிருக்க வேண்டும். 65 கிராம் மாவில் தட்டிய ஒரு ரொட்டியில் ஏறக்குறைய 5 கிராம் குளூட்டன் இருக்கும். ஆகவே காலையில் ஒன்று, மாலையில் ஒன்று போதும். மற்ற வேளைக்குச் சோறு கொடுங்கள். வயிற்றை நிறைக்கும் அளவுக்குத் திணிக்க வேண்டியதில்லை.

எட்டு வாரம் கழியட்டும் என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே போங்கள். பூப்புக்கால வளர்ச்சி நடக்கும் வயதில், நிறுத்திய கோதுமையைத் திரும்பக் கொடுத்துச் சோதிப்பதைக் குழந்தை வைத்திய வழிகாட்டல்கள் விரும்புவதில்லை; அதனால் இந்த வாரங்களை ஒரு நிபுணரின் கண்காணிப்பில் கடப்பதே சரி. இன்னொரு தடவை நிறுத்தி, இன்னொரு தடவை தொடங்கும் ஆட்டம் மட்டும் வேண்டாம். இடையில் கடும் வயிற்றுப்போக்கு, நிற்காத வாந்தி, மலத்தில் இரத்தம், கால் வீக்கம், மயக்கம் என்று ஏதாவது வந்தால் கணக்குப் பார்க்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

டிக்கோயா ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, குழந்தை நல நிபுணரின் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். தேவைப்பட்டால் நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ அவர்கள் அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் நிபுணரைப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. ஏதாவது ஒரு சோதனையை வெளியே செய்யச் சொன்னால், இரத்தம் கொடுப்பதற்கு முன் விலையைக் கேளுங்கள், வசதி இல்லையென்று கூச்சப்படாமல் நிபுணரிடமே சொல்லுங்கள். "உணவு ஒவ்வாமைப் பொதி" என்று நூறு உணவுகளின் பெயர் போட்டு விற்கும் இரத்தச் சோதனைகளுக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்; அவை செலியாக்கைக் கண்டுபிடிப்பதில்லை.

ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போங்கள்: உயரம், எடை, இரண்டு ஹீமோகுளோபின் அளவுகள், கோதுமையை நிறுத்திய திகதி, மறுபடி தொடங்கிய திகதி, அத்தையின் நீரிழிவு. சேவையைத் தமிழில் பெறுவது உங்கள் உரிமை. தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. ஆனாலும் மலையகத்து வைத்தியசாலைகளில் தமிழ் தெரியாத வைத்தியர்கள் பலர் இருக்கிறார்கள். பிள்ளையின் ஆசிரியர் ஒருவரிடம் சொல்லி அந்தத் தாளைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதி வாங்குங்கள். ஐந்து நிமிடச் சந்திப்பில் அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும்.

அங்கே நடக்கப்போவது இதுதான். டி.டி.ஜி.–ஐ.ஜி.ஏ., மொத்த ஐ.ஜி.ஏ. இரண்டுக்கும் சேர்த்து இரத்தம் எடுப்பார்கள். டி.டி.ஜி. அளவு சாதாரண அளவின் உயர் எல்லையைப் போல் பத்து மடங்கோ அதற்கு மேலோ வந்து, இன்னொரு நாள் எடுக்கும் இரத்தத்தில் ஈ.எம்.ஏ. என்ற சோதனையும் நோயைக் காட்டினால், பிள்ளைகளுக்குக் கெமரா பரிசோதனை இல்லாமலே நோயை உறுதி செய்யலாம் என்று 2020இல் ஐரோப்பியக் குழந்தைகள் குடல், ஈரல் நோய் மற்றும் போஷாக்குச் சங்கத்தின் வழிகாட்டல் சொல்கிறது. அளவு அதற்குக் கீழே இருந்தால், வாய் வழியாக மெல்லிய கெமராக் குழாயை இறக்கிச் சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து ஐந்தாறு சிறு துணுக்குகள் எடுப்பார்கள். வெட்டுத் தையல் எதுவும் கிடையாது, துணுக்கு எடுக்கும் இடம் நோகாது, பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வரலாம். அதுவரையும் ரொட்டி நிற்கக் கூடாது. இரத்தம் கொடுத்தாயிற்று என்று நிறுத்திவிட்டுக் கெமராவுக்குப் போனால், சடைமுளைகள் ஆறத் தொடங்கியிருக்கும். மறுபடியும் இதே குழப்பம்.

மரபணுச் சோதனை பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது சாப்பாட்டால் மாறாது, அதுதான் அதன் நன்மை. ஆனால் அந்த மரபு சாதாரண மக்களில் நூற்றுக்கு முப்பது நாற்பது பேரிடம் இருக்கிறது, அவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. அந்த மரபு இல்லையென்றால் செலியாக் இல்லையென்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். இருந்தால் எதுவும் முடிவாகாது. கோதுமையைத் தொடரவே முடியாத நிலை வந்தால் நிபுணர் அதைக் கேட்பார். இப்போது அதற்காகக் கடன் வாங்க வேண்டாம்.

பரிசோதனையே இல்லாமல் நிறுத்திவிட்டால்?

செலவு மிச்சம் போலத் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். இந்த நோய்க்கு மருந்து உணவுதான். அந்த உணவு முறை ஒரு நாளும் தளராமல் சாகும்வரை இருக்க வேண்டும். "கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது" என்பது இந்த நோயில் செல்லாது, ஒரு துண்டு பாண் போதும். 16 வயதுப் பிள்ளை தோழிகளோடு ரோல்ஸ் சாப்பிடாமல் இருக்க, "அம்மாவுக்கு ஒரு சந்தேகம்" என்பது காரணமாகாது. "குடலில் இது நடக்கிறது, நானே அறிக்கையைப் பார்த்தேன்" என்றால் இருப்பாள். உறுதி இல்லாவிட்டால் வேறொரு நோயை இத்தனை காலம் மறைத்து வைத்திருந்தோம் என்றும் ஆகலாம். உங்கள் ஒன்பது வயது மகனையும் மறந்துவிட முடியாது. ஒரு பிள்ளைக்கு நோய் உறுதியானால் கூடப் பிறந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்கலாம், அறிகுறியே இல்லாமலும் இருக்கலாம். அவனையும் உங்கள் இருவரையும் சோதிக்கச் சொல்வார்கள்.

உறுதியானால் சோறு, பலாக்காய், மரவள்ளி, உருளைக்கிழங்கு, பயறு, கௌபி, சோளம், முட்டை, மீன் எல்லாம் அவளுக்கு உரியவை. ஐரோப்பியத் தாயைவிட உங்களுக்கு வழி இலேசு. கவனம் வேண்டியது ஒளிந்திருக்கும் கோதுமையில்: அவித்த கோதுமை மா கலந்த கடை இடியப்பம், தோசை, வடை, ரவை, சேமியா, ஆட்டா மா, சோயா சோஸ், கூட்டுப் பெருங்காயம், பார்லி சேர்ந்த மோல்ட் பானங்களும் மார்மைட்டும். குரக்கன் பாணிலும் பெரும்பகுதி கோதுமைதான். குரக்கனையும் அரிசியையும் கோதுமை அரைக்காத ஆலையில் அரைத்து, வேறு தட்டில் சுட வேண்டும். இதெல்லாம் பிறகு, நோய் உறுதியான பின்.

கலியாணமும் பிள்ளைப்பேறும்

கடிதத்தில் இந்தக் கேள்வியை அழித்து மறுபடி எழுதியிருக்கிறீர்கள். நோய் தெரியாமல் நீடித்தால் மாதவிடாய் தாமதமாகலாம், எலும்பு பலவீனமாகலாம், பின்னாளில் கரு தங்குவதும் சிரமமாகலாம். கண்டுபிடித்துச் சரியாகச் சாப்பிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் சில மாதங்களில் எடை கூடி, உயரத்தையும் எட்டிப் பிடித்து, வயதுக்கும் வந்துவிடுகிறார்கள். எலும்பின் நுனிகள் மூடுவதற்கு முன் கண்டுபிடிப்பதுதான் முக்கியம். இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் உயரம் வளர இன்னும் எவ்வளவு காலம் மிச்சம் என்று தெரியும். அவள் வயதுக்கு வராததால் அந்தக் கதவு இன்னும் திறந்திருக்க வாய்ப்பு அதிகம். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். இது தொற்றாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் யாருக்கும் ஒட்டாது. உறவினர் வீடுகளில் இதைச் சொல்வதா வேண்டாமா என்பதை உங்கள் மகளிடமே கேளுங்கள், அது அவளுடைய உடம்பு.

மாமியார் கண்ணூறு கழித்தால் கழிக்கட்டும், அந்தப் பாசத்தால் கெடுதல் ஒன்றும் இல்லை. வைத்தியசாலைக்குப் போகும் நாளைத் தள்ளிப்போடாமல் இருந்தால் சரி.

இரத்த அறிக்கை வந்ததும் இரண்டு சோதனைகளும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்து, பிரதியை எனக்கு அனுப்புங்கள். அதோடு பிள்ளைக்காம்பராவின் தராசில் மகனையும் நிறுத்தி, அவனுடைய எடையையும் உயரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.